டெக்ஸ்ட்ரான்: வலஞ்சுழியமா, வழும்பமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டெக்ஸ்ட்ரான் என்பது சில பாக்டீரியாக்கள் சுக்ரோஸிலிருந்து குளுக்கோஸை எடுத்துக் கோத்து உண்டாக்கும் நீண்ட மூலக்கூறு. அதற்கு 'வலஞ்சுழியம்', 'வழும்பம்' என்று இரண்டு தமிழ்ச்சொற்கள் முன்மடல்களில் வந்திருக்கின்றன. இரண்டையும் வாக்கியத்தில் போட்டு எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் எனக்குச் சிக்கல் இருக்கிறது.

> டெக்ஸ்ட்ரோ என்றால் வலம். ஆகவே வலஞ்சுழியம் நேரான தமிழாக்கம்.

நேரானதுதான். டெக்ஸ்ட்ரான் கரைசல் தள முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, வலப்பக்கம் திருப்பும். 1874இல் ஷைப்லர் என்ற வேதியியலாளர் வைத்த பெயரும் அந்தக் குணத்தைத்தான் சொல்கிறது. ஆனால் குளுக்கோஸும் வலப்பக்கம்தான் திருப்புகிறது, சுக்ரோஸும் அப்படியே, ஸ்டார்ச்சும் அப்படியே. தவிர, அதே வேரிலிருந்து 1833இலேயே டெக்ஸ்ட்ரின் என்ற பெயர் வந்துவிட்டது. ஸ்டார்ச்சை உடைத்தால் கிடைப்பது டெக்ஸ்ட்ரின். பாக்டீரியா ஒவ்வொன்றாகக் கட்டிச் சேர்ப்பது டெக்ஸ்ட்ரான். வலஞ்சுழியத்தை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டால் மற்றதற்கு என்ன வைப்பது? போதாக்குறைக்கு, சுழியம் என்றால் பூஜ்யம். மாணவர் 'வலப்பக்கத்துப் பூஜ்யம்' என்று படித்துவிட்டு நம்மைத் திட்டுவார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு இந்த வலத்திருப்பம் வெறும் பெயர்க்கதை இல்லை. வெட்டிய கரும்பு அரவைக்குப் போகாமல் கிடந்தால் வெட்டுவாய் வழியே பாக்டீரியா புகுந்து டெக்ஸ்ட்ரானை உண்டாக்கிவிடும். சுக்ரோஸைவிட அது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக ஒளியைத் திருப்புவதால், சாற்றைக் கருவியில் வைத்து அளந்தால் இல்லாத சர்க்கரையும் இருப்பதாகக் காட்டும். வடிகட்டி அடைத்துக்கொள்வதும், படிகம் ஊசிபோல நீண்டு வளர்வதும் தனித் தொல்லைகள்.

சரி, வழும்பம். வழுவழுப்பான கோழையைக் குறிக்கும் 'வழும்பு' என்பதிலிருந்து வந்தது. சொல் அழகாக இருக்கிறது. வரலாறும் அதன் பக்கம்தான். திராட்சை மது கோழைபோல நூல் விடுவதற்கு நுண்ணுயிரே காரணம் என்று பாஸ்டர் 1861இல் சொன்னார். அந்த நுண்ணுயிருக்கு லூகோநாஸ்டாக் மெசென்டிராய்டெஸ் என்று 1878இல் வான் டீகெம் பெயரிட்டார். ஆனால் தூய்மைப்படுத்திய டெக்ஸ்ட்ரான் வெள்ளைத் தூள். அமிலத்தால் நறுக்கி, மூலக்கூறு எடை 40,000 அல்லது 70,000 அளவுக்குக் கொண்டுவந்து, இரத்த ஓட்டத்தின் பருமனைக் கூட்ட சிரை வழியே ஏற்றுகிறார்கள். மருந்துச்சீட்டில் 'வழும்பம் 40' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பாக்டீரியாவைச் சுற்றிப் படியும் கோழைக்கு 'வழும்பு' போதும். அதற்குள் இருக்கும் மூலக்கூறுக்கு அதையே பெயராக்க வேண்டாம்.

அப்புறம் 'பல்குளுக்கோஸ்' என்று ஒருவர் எழுதியிருந்தார். செல்லுலோஸும் ஸ்டார்ச்சும் கிளைக்கோஜனும்கூடப் பல்குளுக்கோஸ்தானே. எல்லாவற்றிலும் மணி ஒன்றுதான், கோத்த விதம்தான் வேறு. ஸ்டார்ச்சில் ஒரு குளுக்கோஸின் 1ஆம் கார்பன், அடுத்ததன் 4ஆம் கார்பனோடு ஆக்சிஜன் வழியே சேர்கிறது. டெக்ஸ்ட்ரானின் தண்டில் 1ஆம் கார்பன் 6ஆம் கார்பனோடு சேர்கிறது, ஆல்ஃபா வகைப் பிணைப்பாக. இந்த 6ஆம் கார்பன் வளையத்துக்கு வெளியே நிற்பது. அதனால் இரண்டு வளையங்களுக்கு நடுவே திரும்பிக்கொள்ள ஒரு பிணைப்பு கூடுதலாகக் கிடைக்கிறது. சங்கிலி நன்றாக நெளிகிறது. அங்கங்கே 1,3 பிணைப்பில் கிளைகள் பிரியும். தொழிற்சாலைகளில் பெயர்பெற்ற பி-512எஃப் என்ற பாக்டீரியா வகை தருவதில் 1,6 பிணைப்பு 95 விழுக்காடு, கிளை 5 விழுக்காடு. வேறு வகைகளில் 1,2, 1,4 கிளைகளும் உண்டு.

இதை எழுதும்போதுதான் 'சரம்' என்ற சொல் கைக்கு வந்தது. குளுக்கோஸை மட்டுமே கோத்த இந்த மூலக்கூறுகளுக்குக் குளுக்கன் என்று பொதுப்பெயர், அதற்குக் 'குளுக்கோஸ் சரம்'. டெக்ஸ்ட்ரான் டெக்ஸ்ட்ரானாகவே இருக்கட்டும், முதல்முறை வரும்போது '1,6 குளுக்கோஸ் சரம்' என்று விளக்கிவிடலாம். 'ஆறிணைச்சரம்' என்றும் யோசித்தேன், ஆனால் ஆறு ஜோடி என்றுதான் காதில் விழுகிறது.

எனக்குத் தமிழ்ச்சொல் அவசரமாக வேண்டியது நொதிக்கு. டெக்ஸ்ட்ரான்சுக்ரேஸ் என்ற பெயர் பாதி பேரைக் குழப்புகிறது. சுக்ரோஸை வெறுமனே உடைக்கும் நொதி என்று நினைத்துவிடுகிறார்கள். அது செல்லுக்கு வெளியே வேலை செய்வது. சுக்ரோஸிலிருந்து குளுக்கோஸைக் கழற்றிச் சரத்தில் கோக்கிறது, ஃபிரக்டோஸை விட்டுவிடுகிறது, அதைப் பாக்டீரியா தின்கிறது. கோப்பதற்கு வேண்டிய ஆற்றல் சுக்ரோஸின் பிணைப்பிலேயே இருப்பதால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவில்லை. ஆகவே 'சரமாக்கி' என்கிறேன். டெக்ஸ்ட்ரானை வெட்டும் டெக்ஸ்ட்ரனேஸுக்குச் 'சரம்வெட்டி'. முதலில் 'சரமறுப்பி' என்றுதான் எழுதினேன். அது 'சர மறுப்பி' என்று பிரிந்து மானம் போகிறது.

சரமாக்கி பிடிக்கவில்லையென்றால் வேறு சொல்லோடு வாருங்கள். 'தொடுப்பி' மட்டும் வேண்டாம், தொடுப்புக்குப் பேச்சில் வேறு பொருள் இருக்கிறது.