விக்டரி ரிவால்வர்: புதுப்பிக்கலாமா, அப்படியே விடலாமா?

டெக்சாஸ்_கதிர்:
ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல் ஒண்ணு இங்க கடையில முறைப்படி வாங்கியிருக்கேன். 5 அங்குல பேரல், வரிசை எண் ‘வி’ல தொடங்குது, பிரிட்டிஷ் சோதனை முத்திரையும் இருக்கு. யாரோ நிக்கல் பூசி பளபளன்னு ஆக்கிட்டாங்க. பிடி பிளாஸ்டிக், அடியில கயிற்று வளையம் இல்ல, ஹேமர் (தோட்டாவை அடிக்கிற சுத்தி) ஸ்பிரிங் தளர்ந்திருக்கு. இரண்டாம் உலகப் போர்க்காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படிக் கொண்டு வந்து ரேஞ்சுல (சுடும் பயிற்சி இடம்) சுடணும். பாகங்களும், பாகங்களைப் பிரித்துக் காட்டும் படமும் எங்க கிடைக்கும்?

பழம்பொருள்_காவலன்:
வேண்டாம் கதிர். இரண்டாம் உலகப் போரில் காமன்வெல்த் படைகளுக்கு இந்த வகை 5 லட்சத்துக்கும் மேல் போனது. போர் முடிந்ததும் பிரிட்டன் உபரியாக விற்க, அவற்றில் பல அமெரிக்காவுக்கே திரும்பி வந்து நிக்கல் பூசப்பட்டு மலிவு விலையில் விற்கப்பட்டன. உங்கள் கையில் இருக்கும் நிக்கலும் அதே வரலாறுதான். அதை உரித்துச் சாம்பல் பூச்சு ஏற்றினால், தொழிற்சாலையை விட்டு வந்தது போல நடிக்கும் ஒரு பொருள்தான் மிஞ்சும். எண் பிடியடியில் மட்டுமல்ல, சிலிண்டரிலும் (தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளை) பேரலின் அடியிலும் இருக்கும். மூன்றையும் முதலில் ஒப்பிடுங்கள்.

பட்டறை_மணி:
பூச்சைத் தொடாதேங்கிறதுல காவலன் சாரோட ஒத்துப்போறேன். ஆனா பாகமே தேடக்கூடாதுன்னா ஒத்துக்க மாட்டேன். கதிர் தம்பி, இதோட பிற்கால வடிவமான ‘மாடல் 10’னு போட்ட படத்தை எடுத்துடாதே. 1948ல உள் இயக்கத்தையே மாத்திட்டாங்க. அதுக்கப்புறம் வந்த ஹேமரும் டிரிகரும் இதுல உட்காராது. உன்னோடதுக்கு அடிப்படையான ‘மிலிட்டரி அண்ட் போலீஸ் 1905, நான்காம் மாற்றம்’னு தேடு. நியூயார்க் மாநிலத்து நியூம்ரிச்சுங்கிற துப்பாக்கிப் பாகக் கடையில இந்த மாதிரி பழைய பாகமும் பிரித்துக் காட்டும் படமும் விக்கிறாங்க. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஃப்ரேம்தான் (மத்த பாகமெல்லாம் பொருத்தியிருக்கிற உடல் சட்டம்) துப்பாக்கி, அதனால ஸ்பிரிங், வளையமெல்லாம் தபால்லயே வரும்.

ஸ்பிரிங்கை மாத்துறதுக்கு முன்னாடி பிடியோட முன்பக்கம் அடியில ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூவைப் பார். அது முழுசா இறுகியிருக்கணும். டிரிகர் லேசா இருக்கட்டும்னு பலபேர் அதைத் தளர்த்திடுவாங்க, இல்ல நுனியை அரத்தால தேய்ச்சுடுவாங்க. ‘ஸ்பிரிங் தளர்ந்துடுச்சு’ங்கிற புகார்ல பாதி இதுதான்.

உள் இயக்கத்தை மூடியிருக்கிற பக்கத்தகட்டை நெம்பித் திறக்காதே. ஸ்க்ரூக்களைக் கழட்டிட்டு ஃப்ரேமை மரக் கைப்பிடியால தட்டு, தானா எழும்பும். அந்தந்த ஃப்ரேமோட சேர்த்துத் தேய்ச்சுப் பொருத்தின தகடு அது. நெளிஞ்சா வேற தகடு சரியா உட்காராது.

நெல்லை_வாசகன்:
தாத்தா காலத்து ரிவால்வர் வீட்டில் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் இதைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் பாகங்களும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் வரும். பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் உள்ளவர் வேண்டும்.

பழம்பொருள்_காவலன்:
மணி, சுடுவதை ஏன் ஊக்கப்படுத்துகிறீர்கள்? 1944 இறுதியில் ஒரு கடற்படை வீரர் இறந்தது இதே வகை கீழே விழுந்து வெடித்துத்தான். பழைய கிரீஸ் இறுகி, ஹேமரைத் தடுக்கும் பட்டை நகராமல் போயிற்று. அதன்பின் புதுத் தடுப்பு வைத்து, ‘வி’க்கு முன் ‘எஸ்’ சேர்த்தார்கள். கதிருடையதில் ‘எஸ்’ இல்லை.

பட்டறை_மணி:
அதுக்காகத்தானே திறந்து கழுவச் சொல்றேன்! திறக்காம அலமாரியில வச்சா அந்த கிரீஸ் அப்படியேதான் இருக்கும். நாளைக்கு அவன் பிள்ளை எடுத்துத் தோட்டா போட்டா என்ன ஆகும்? சுத்தம் பண்ணினாலும் ஹேமருக்கு நேரா இருக்கிற அறை காலியாவே இருக்கட்டும்.

இன்னொண்ணு, தம்பி. இது 38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) தோட்டாவுக்குச் செஞ்சது. அமெரிக்கா வந்த பலதோட அறைகளை, நீளமான 38 ஸ்பெஷல் தோட்டா போறதுக்காகக் குடைஞ்சுட்டாங்க. ஸ்பெஷலோட கூடு கிட்டத்தட்ட 0.2 மில்லிமீட்டர் ஒல்லி. சுட்டா அடியில வீங்கும், சிலது கிழியும். காலி ஸ்பெஷல் கூடு முழுசா உள்ள போகுதான்னு பார்த்துச் சொல்லு.

டெக்சாஸ்_கதிர்:
முழுசாப் போகுது அண்ணே, ஆறு அறையிலயும். ஸ்க்ரூ நுனியும் தேய்ச்சதுதான்.

பட்டறை_மணி:
அப்ப ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கும், ஸ்க்ரூ மட்டும் வாங்கு. குடையாத சிலிண்டர் தேடலாம். ஆனா அறையும் பேரலும் நேர்கோட்டுல நிக்கணும், ஹேமர் விழும்போது பூட்டியிருக்கணும். அதைப் பொருத்துறது உரிமம் உள்ள பட்டறை வேலை.

பழம்பொருள்_காவலன்:
சிலிண்டரை மாற்றினால் எண் பொருந்தாது. கழற்றியதைத் தூக்கிப் போடாமல் சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள். விற்கும் நாளில் வாங்குபவரிடம் காட்டுங்கள். மறைத்து விற்பதுதான் இந்தத் துறையைக் கெடுத்து வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் சிலிண்டரைத் தொடவே வேண்டாம், சுடவும் வேண்டாம்.

டெக்சாஸ்_கதிர்:
நிக்கலை உரிக்கப் போறதில்ல சார். ஸ்க்ரூவும் வளையமும் ஆர்டர் போட்டாச்சு. வழவழப்பான வால்நட் பிடி தேடுறேன். அந்தப் பிடியோட உள்பக்கம் வேற எண் இருந்தா அதை அழிக்க மாட்டேன். சிலிண்டர் விஷயத்துல எனக்கு மணி அண்ணன் பக்கம்தான் மனசு போகுது. ஆனா பட்டறைக்காரர் நேர்ல பார்த்துச் சொல்ற வரைக்கும் தோட்டா வாங்க மாட்டேன்.