ஆம்பர்லிஸ்ட்-15 நாலாவது பேட்ச்லயே படுத்துருச்சு, உதவுங்க

வணக்கம் மக்களே. எங்களது சின்ன யூனிட், பியூட்டைல் அசிடேட் (அசிட்டிக் ஆசிட்டும் பியூட்டனாலும் சேர்ந்து வர்ற கரைப்பான்) போடுறோம். இத்தனை வருஷமா சல்ஃப்யூரிக் ஆசிட்டை கேட்டலிஸ்ட்டா வெச்சுத்தான் ஓட்டுனோம், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சோடா ஆஷ் போட்டு ஆசிட்டை அடிச்சுக் கழுவணும், அந்த உப்புத் தண்ணி எவாப்பரேட்டர்ல கட்டி கட்டியா நிக்கும், அதுக்கு ஆகுற ஸ்டீம் செலவைப் பாத்துதான் ஆம்பர்லிஸ்ட்-15 ரெசினுக்கு (ஆசிட் வேலையைச் செய்யுற குட்டி பிளாஸ்டிக் மணிகள்) மாறுனோம். அதே ரியாக்டர்ல கொட்டி ஓட்டினேன். மொத பேட்ச் 5 மணி நேரம், சூப்பர். நாலாவது பேட்ச் 11 மணி நேரம் ஆகியும் ஆசிட் வேல்யூ (மிச்சமிருக்க ஆசிட் அளவு) இறங்க மாட்டேங்குது. ரெசின் மணியெல்லாம் கருத்துப்போச்சு, ஃபில்டர்ல மாவு மாதிரி அடைக்குது. ஓனர் பழையபடி சல்ஃப்யூரிக்கே ஊத்துப்பாங்கிறார்.

பதில்: தண்ணி சரியா வெளிய போகுதான்னு பாருங்க ப்ரோ. சமநிலை ரியாக்‌ஷன்தானே, தண்ணி உள்ளயே நின்னா எந்த கேட்டலிஸ்ட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, போதாததுக்கு இந்த ரெசின் தண்ணியை இழுத்து வெச்சுக்கும்.

கேட்டவர்: தண்ணியைப் பிரிச்சு எடுக்குற டீகேன்டர் நல்லாத்தான் ஓடுது ப்ரோ. மொத மூணு பேட்ச்சும் அதே செட்டப்தான்.

பதில்: தம்பி மூணு விஷயம் சொல்லுங்க. ஜாக்கெட் ஸ்டீம் எவ்வளவு? உள்ள என்ன பிளேடு? ரெக்கவர் பண்ண பியூட்டனால் எங்கருந்து வருது?

கேட்டவர்: ஸ்டீம் 3.5 கிலோ அண்ணே. டர்பைன் பிளேடு, பழைய ஸ்பீடுதான். மிச்ச அசிட்டிக் இருக்கேன்னு சோடா ஆஷ் வாஷை இன்னும் விடல, அதுக்கப்புறம் டிஸ்டில் பண்ணும்போது மொதல்ல வர்ற பகுதிதான் பியூட்டனாலா திரும்ப உள்ள போகுது.

பதில்: அட, அங்கதான் இருக்கு. நுரையோட கொஞ்சம் கொஞ்சமா சோடியம் ஏறி வந்து ரெசின்ல இருக்க ஹைட்ரஜனைத் தள்ளிட்டு உக்காந்துக்கும். இன்னொண்ணு, அந்த ரெசினுக்கு 120 டிகிரிதான் எல்லை, 3.5 கிலோ ஸ்டீம்னா சுவரு 148 கிட்ட, சுவத்துல ஒட்டுற மணியில சல்ஃபோனிக் (அதோட ஆசிட் பகுதி) கழண்டு போயிரும். மாவு உங்க டர்பைன் அரைச்சது. எது எவ்வளவுன்னு தெரிய, காயவெச்ச ரெசின் 1 கிராம் சோடியம் குளோரைடு கரைசல்ல ஊறவெச்சு 0.1 நார்மல் காஸ்டிக் சோடாவைச் சொட்டு சொட்டா விட்டு எவ்வளவு ஆகுதுன்னு டைட்ரேட் பண்ணுங்க. புதுசுன்னா 47 மில்லி கிட்ட குடிக்கும். அப்புறம் நீர்த்த ஹெச்.சி.எல். (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்)ல கழுவி, டி.எம். தண்ணியில (உப்பு நீக்குன தண்ணி) அலசி, மறுபடி பாருங்க. ஏறுனா சோடியம், ஏறலேன்னா சூடு. ஹெச்.சி.எல்.லை மட்டும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரியாக்டர்ல ஊத்திராதீங்க, அரிச்சுரும், பிளாஸ்டிக் டிரம்ல பண்ணுங்க.

கேட்டவர் (நாலு நாள் கழிச்சு): அண்ணே, 26 மில்லிதான் வந்துச்சு, நானே அதிர்ந்துட்டேன். கழுவுனப்புறம் 43.

பதில்: அப்ப பெரும்பங்கு சோடியம், மிச்சம் சூட்டுல போனது, அது திரும்ப வராது. பியூட்டனாலைக் கொஞ்சம் அதிகமா வெச்சு அசிட்டிக்கை முடிச்சிட்டு சோடா வாஷையே நிறுத்தப் பாருங்க. ரெசினை வெளிய ஒரு காலம்ல (column, உயரமான குழாய் மாதிரி தொட்டி) போட்டு திரவத்தை மட்டும் பம்ப்ல சுத்த விடுங்க, ஊறி உப்பும், அதனால காலம்ல மேல இடம் விட்டு நிரப்புங்க, முழுசா அடைச்சா காலமே விரிசல் விடும்.

கேட்டவர்: ஸ்டீமை 1 கிலோவுக்கு இறக்கி, வாஷை நிறுத்தி, கழுவுன ரெசினோடயே ஓட்டினேன், 6 மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. ரொம்ப அடிபட்ட ரெசின் ரெண்டு வாளி இருந்துச்சு, அதைக் கழுவி பியூட்டனால் லைன்ல காவலுக்குப் போட்டுட்டேன், வர்ற சோடியத்தை அதுவே புடிச்சுக்கட்டும்னு. காலம் இன்னும் ஃபேப்ரிகேட்டர்கிட்டதான் கிடக்கு, வந்ததும் போட்டோ போடுறேன்.