தானியங்கியா, எந்திரக்கையா? ரோபோட்டிக் சர்ஜரிக்கு ஒரு தமிழ்ச்சொல்

ஐயா, வணக்கம்.

உங்கள் அகராதியில் ரோபோட்டிக் சர்ஜரிக்குத் ‘தானியங்கி அறுவை சிகிச்சை’ என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. என் சித்தப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தபோது, மருத்துவமனை கொடுத்த ஒப்புதல் படிவத்தில் இதே சொல் இருந்தது. இரண்டு முறை படித்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “தானாகவே இயங்கும் என்றால் டாக்டர் எதற்கு? நடுவில் கரண்ட் போனால்?” மருத்துவர் நேரில் வந்து, “அறுப்பது என் கைதான்” என்று விளக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

பிழை அவருடைய பயத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ரோபோட்டிக் சர்ஜரிக்குப் பயன்படும், 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி என்ற கருவி தானே முடிவெடுத்து எதையும் வெட்டுவதில்லை. மருத்துவர் அதே அறையில் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாக்கிய முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். நோயாளியின் உடலுக்குள் இருக்கும் கருவிமுனை, மணிக்கட்டைப் போல வளைந்து அந்த அசைவைப் பின்பற்றுகிறது. கை 3 செ.மீ. நகர்ந்தால் முனை 1 செ.மீ. மட்டும் நகரும்படி அமைக்கலாம். கைநடுக்கமும் உள்ளே போவதில்லை. இடுப்புக்குழியின் ஆழத்தில், சிறுநீரை அடக்கும் தசைக்கும் மெல்லிய நரம்புகளுக்கும் ஊறு வராமல் புராஸ்டேட் சுரப்பியை எடுக்க வேண்டிய இடத்தில் இது எவ்வளவு பெரிய உதவி!

மருத்துவர் அதே அறையில்தான் இருக்கிறார் என்பதால் ‘தொலை அறுவை’ என்ற சொல்லும் வேண்டாம். 2001-இல் நியூயார்க்கில் இருந்த மருத்துவர் பிரான்ஸின் ஸ்திராஸ்பூர்க்கில் இருந்த நோயாளிக்குப் பித்தப்பையை அகற்றினாரே, அதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை ‘எந்திரக்கை அறுவை’. யானையின் துதிக்கையைத் தும்பிக்கை என்று கையாகவே பார்த்த மொழி நம்முடையது. கை என்றதுமே அதை ஆட்டுபவர் ஒருவர் உண்டு என்பது புரிந்துவிடும்.

*

அன்புடையீர்,

‘தானியங்கி’யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘எந்திரக்கை அறுவை’ என்றால், கை இழந்தவருக்குப் பொருத்தும் செயற்கைக் கை தொடர்பான சிகிச்சை என்று எண்ண மாட்டார்களா?

இன்னொருவர் முன்வைத்த ‘துல்லிய அறுவை’யையும் நான் எதிர்க்கிறேன். கலைச்சொல் விளம்பரமாகிவிடக் கூடாது. தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்து 2018-இல் வெளியான ஆய்வில், நான்கரை ஆண்டுகள் நோயின்றி இருந்தவர்கள் வயிற்றைத் திறந்து செய்த முறையில் 96.5 விழுக்காடு, சிறுதுளை முறையில் 86 விழுக்காடு. சிறுதுளை முறையில் பெரும்பாலானவை லேப்ராஸ்கோபி, அதாவது துளை வழியே கேமராவும் கருவிகளும் செலுத்தி மருத்துவர் நேரடியாகக் கையால் செய்பவை; சில ரோபோ. எந்த முறை நல்லது என்பது எந்த உறுப்பு, எந்த நிலை என்பதைப் பொறுத்தது. சொல்லே அதைத் தீர்ப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

*

ஐயா,

இரண்டும் சரி. ‘வழி’யைச் சேர்த்துவிடலாம்: ‘எந்திரக்கைவழி அறுவை சிகிச்சை’. இப்போது கை கருவியாக நிற்கிறது, குழப்பம் இல்லை. அகராதிக்கு இது போதும். ஒப்புதல் படிவத்தில் மட்டும் முழுதாக எழுதச் சொல்வோம்: ‘மருத்துவர் எந்திரக்கைகளை இயக்கிச் செய்யும் அறுவை சிகிச்சை’.