தெருவோரக் கம் மரம்: ஓர் எதிர்ப்புக் கவிதையைத் தரம் 10இல் எப்படிப் படிப்பிப்பது?

வினா (ஆங்கில இலக்கிய ஆசிரியை, வெள்ளவத்தை)

வணக்கம். பாடத்திட்டத்துக்கு வெளியே, அவுஸ்திரேலிய ஆதிக்குடிக் கவிஞர் ஊட்ஜரூ நூனக்கலின் 'முனிசிப்பல் கம்' என்னும் சிறு கவிதையைத் தரம் 10 மாணவர்களோடு வாசித்து வருகிறேன். அவர் கத் வோக்கர் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்த காலத்துக் கவிதை அது. காலடியைச் சுற்றித் தார் இறுகிக் கிடக்க, நகரத் தெருவில் நிற்கும் ஒரு கம் மரத்தை, அதாவது யூகலிப்டஸ் மரத்தை, விளித்துப் பேசும் கவிஞர், காயடிக்கப்பட்டு, வார் பூட்டப்பட்டு, தலை தொங்கி நிற்கும் வண்டிக் குதிரைக்கு அதனை ஒப்பிடுகிறார். உவமையையும் ஓசையையும் மாணவர்கள் சரியாகவே இனங்காண்கிறார்கள். ஆயினும் விடைகள் யாவும் 'ஆகவே நாம் மரங்களை நடுவோம்' என்றே முடிகின்றன. இறுதியில் அந்த மரத்தைச் சக குடிமகன் என்று அழைத்து, நம்மை இவர்கள் என்ன செய்துவிட்டார்கள் என்று கவிஞர் கேட்கும் இடத்தை ஒருவரும் தொடுவதில்லை. கவிதை சுற்றாடல் தினப் பேச்சுப்போட்டிக்குரிய பொருளாகச் சுருங்கிவிடாமல் வகுப்பை எப்படி நடத்தலாம்?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை)

அன்புள்ள ஆசிரியைக்கு, முதலில் மரத்தை அறிமுகப்படுத்துங்கள். நம் பிள்ளைகள் யூகலிப்டஸைக் கண்டது பெரும்பாலும் நுவரெலியா, பண்டாரவளைப் பக்கச் சுற்றுலாக்களில்தான். அங்கே அது வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம், நிலத்து நீரை உறிஞ்சுகிறதென்று ஏச்சு வாங்கும் மரம். கவிதையிலோ அதுதான் மண்ணின் மரம்; வந்து சேர்ந்தது தார். அந்த மரத்தை யாரும் வெட்டிவிடவில்லை என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். சொந்த நாட்டிலேயே, தன் காட்டிலிருந்து பிரிந்து, மாநகரசபை அனுமதித்த இடத்தில் அது உயிரோடு நிற்கிறது. 'மரம் நடுவோம்' என்ற விடை சறுக்குவது இங்கேதான், ஏனெனில் கவிதையில் வரும் மரமே நடப்பட்ட மரமாக இருக்கக்கூடும்.

அடுத்தது வரலாறு. 1920இல் குயின்ஸ்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள மிஞ்சரிபா தீவில் பிறந்த கவிஞர், ஆதிக்குடிகளின் உரிமைப் போராட்டத்தில் முன்னணியில் நின்றவர். நாட்டின் குடித்தொகையைக் கணக்கிடும்போது ஆதிக்குடிகளைச் சேர்க்கலாகாது என்று அந்நாட்டு அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. 1967 மே 27 பொதுசன வாக்கெடுப்புத்தான் அதை நீக்கியது. (அவ்வாக்கெடுப்பே வாக்குரிமையைத் தந்ததென்று பல குறிப்புகள் சொல்லும், கூட்டாட்சித் தேர்தல்களில் அவ்வுரிமை 1962இலேயே கிடைத்துவிட்டது.) கவிதை இந்த வாக்கெடுப்புக்கு முந்தியது. கணக்கில் எடுக்கப்படாத ஒருவர் ஒரு மரத்தைச் சக குடிமகன் என்று அழைப்பதிலுள்ள கசப்பை, இவ்வளவும் தெரிந்தபின் மாணவர்கள் தாமாகவே சொல்லிவிடுவார்கள்.

பதில் (உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி)

ஆசிரியைக்கு வணக்கம். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் மீது மரம் விழுந்து ஐவர் உயிரிழந்தார்கள். கொழும்புப் பிள்ளைகள் பலருக்குத் தெருமரம் என்றதும் அதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த அச்சத்தையும் வகுப்பில் பேச இடம் கொடுங்கள். வேரைச் சுற்றிச் சீமெந்து பூசப்பட்ட மரத்தின் நிலைமையை அதன் பின்னர் விளக்குவது எளிது.

பதில் (மன்னாரைச் சேர்ந்தவர், தெகிவளை)

ஆசிரியை அவர்களே, இதே கவிஞரின் 'டைம் இஸ் ரன்னிங் அவுட்' கவிதையையும் அருகில் வைத்துப் பாருங்கள். அதில் சுரங்கக்காரன் மண்வெட்டியோடு வருகிறான். கவிஞர் தம் மக்களை எழுந்து நிற்கச் சொல்கிறார். அவர் பிறந்த தீவில் பல பத்தாண்டுகளாக மணலை அகழ்ந்து ரூட்டைல், சேர்க்கன், இல்மனைட் ஆகிய கனியங்களை எடுத்தார்கள். அகழ்வு நின்றது 2019இல்தான். புல்மோட்டைக் கரையில் எடுக்கப்படுவனவும் அதே கனியங்களே. எங்கள் மன்னார்த் தீவிலும் கனிய மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் குரல் எழுப்பி வருகிறார்கள். இதனால் இரு வரலாறுகளும் ஒன்றென்று மாணவர்கள் எழுதிவிடக் கூடாது. நிலம் பறிபோன விதமும் காலமும் வேறு. இரண்டு கவிதைகளில் எது கூர்மையான எதிர்ப்பு என்று அவர்களை வாதிடச் சொல்லலாம். என்னைக் கேட்டால், கட்டளையிடும் கவிதையைவிடக் கேள்வியோடு நிற்கும் முதற் கவிதைதான் கூர்மையானது என்பேன். ஒரு விடயம்: சுரங்க அகழ்வைப் பாலியல் வன்முறையாகச் சித்திரிக்கும் தொடக்க வரிகளைத் தரம் 10க்குக் கொடுப்பதா, உயர்தரத்துக்கு ஒதுக்கி வைப்பதா என்பதை, உங்கள் வகுப்பை அறிந்து நீங்களே தீர்மானியுங்கள்.