பிரிக்ஸ் 20, ஆனாலும் வெல்லம் உருளவில்லை

மறையூர்க் கரும்புக்காரன்:
கைக்கருவியில் சாறு பிரிக்ஸ் (கரைந்த பொருளின் சதவீத அளவு) 20 காட்டுகிறது. பாகோ உருண்டை பிடிக்காமல் களியாகக் கிடக்கிறது. கருவி பொய் சொல்கிறதா?

உடுமலை ஆய்வகத்தான்:
இல்லை அண்ணா. அது ஒளி விலகலைப் பார்த்து, கரைந்த அனைத்தையும் ஒன்றாக எண்ணுகிறது. எந்தச் சர்க்கரை என்று அதற்குத் தெரியாது. சர்க்கரைக் கரைசல் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் போலாரிமீட்டர் வேறுபாட்டைக் காட்டும். 100 மில்லி கரைசலில் 26 கிராம் சுக்ரோஸ் (உருண்டை பிடிக்க வேண்டிய சர்க்கரை), 20 செ.மீ. குழாய், சோடியம் விளக்கு என்றால் முனைவுற்ற ஒளி (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) வலப்பக்கம் சுமார் 34.6 பாகை திரும்பும். கரும்பு வாடினால் சுக்ரோஸ் குளுக்கோசாகவும் ஃப்ரக்டோசாகவும் உடைகிறது; இவை கூடினால் பாகு இறுகாது. ஃப்ரக்டோஸ் இடப்பக்கம் இழுக்கும். கோணம் குறையும், பிரிக்ஸ் குறையாது. கரும்பு வெட்டி எத்தனை நாள்?

மறையூர்க் கரும்புக்காரன்:
ஐந்து. ஆலை எஞ்சின் பழுது.

கம்பத்துக்காரர்:
பிடிபட்டது! கலங்கிய சாற்றில் ஒளி போகாது, தெளியவைத்துப் பாருங்கள். தெளியவைக்க ஈய அசிடேட் சேர்த்த மாதிரியைக் கொப்பரையில் ஊற்றிவிடாதீர்கள், நஞ்சு.