எக்டோதெர்மிக் வைஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர்க்கு வணக்கம்.

2014–16இல் வடகிழக்குப் பசிபிக்கில் நிலைகொண்ட கடல் வெப்ப அலை பற்றிய கட்டுரைக்கு இந்தச் சொல் வேண்டும். 2015–16இல் கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை சுமார் 62,000 மர் (மீன் தின்னும் கடற்பறவை) பறவைகள் செத்தும் சாகும் நிலையிலும் கரையொதுங்கியதற்கு ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது. 'எக்டோதெர்மிக்' என்றால் மீன் போன்ற குளிர்ரத்த உயிர் சார்ந்தது, 'வைஸ்' என்றால் இரண்டு தாடைகளுக்கு இடையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி. 'குளிர்ரத்த விலங்கு நெருக்கடி' என்று வைத்திருக்கிறேன். சரிப்படுமா?

———

> குளிர்ரத்த விலங்கு நெருக்கடி

வேண்டாம் ஐயா. கடல் சூடானால் மீனின் ரத்தமும் சூடாகும், சிக்கலே அதுதான். 'நெருக்கடி' என்றால் மீனுக்கு நெருக்கடி என்றும் படும். விளக்கத்தில் நசுங்குவது பறவை.

நீர் 10 டிகிரி சூடானால் மீனின் வளர்சிதைமாற்றம் 2–3 மடங்காகும். அந்தக் கணக்கில் 2.5 டிகிரிக்கே இரைத்தேவை 20–30 சதவீதம் ஏறிவிடும். காட், பொல்லாக் போன்ற பெரிய மீன்கள் மர் தின்னும் அதே கேப்லினையும் மணல்மீனையும் கூடுதலாகத் தின்னும். இது வைஸின் மேல்தாடை. கீழ்த்தாடை, அந்தச் சிறுமீன்களின் பசி. அவற்றுக்கும் தேவை ஏறுகிறது. கிடைப்பதோ கொழுத்த குளிர்நீர்க் கோப்பிபாடுகளுக்கு (நீரில் மிதக்கும் நுண்ணிய ஓட்டுயிரிகள்) பதிலாக வந்த, கொழுப்புக் குறைந்த சிறிய இனங்கள். ஆக இரையும் அருகும், பிடிபட்டதிலும் சத்திராது. மர் தினமும் தன் எடையில் பாதிக்கு மேல் தின்றாக வேண்டும். 3–5 நாள் இரையில்லாவிட்டால் செத்துப்போகும்.

வைஸுக்குப் பட்டறையில் 'வைஸ்' என்பதே வழக்கு. ஆனால் 'கிடுக்கிப்பிடி' எல்லார் வாயிலும் இருக்கிறது, இரண்டு பக்க அழுத்தமும் அதில் வந்துவிடும். 'புறவெப்பிக் கிடுக்கி' என்கிறேன்.

———

> புறவெப்பிக் கிடுக்கி

'வெப்பக் கிடுக்கி' இன்னும் எளிதில்லையா?

———

எளிதுதான், பொருள் கெடும். மர் வெப்பரத்தப் பறவை. இரண்டு மூன்று டிகிரி நேரடியாக அதைக் கொல்லாது. அழுத்துபவை புறவெப்பிகள், எனவே அந்தப் பெயர் சொல்லில் இருந்தாக வேண்டும். 'புறவெப்பி' பழகாத சொல் என்பது உண்மை. முதல் இடத்தில் 'சுற்றுப்புற வெப்பத்தையே உடல்வெப்பமாகக் கொண்ட உயிர்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வரையறையில் மட்டும் 'பறவை' என்று குறுக்காதீர்கள். காட் மீனும் தப்பவில்லை: பசி ஏறியது, இரை குறைந்தது, தொகை சரிந்தது, 2020இல் அலாஸ்கா வளைகுடாவில் அமெரிக்கக் கூட்டாட்சி நீர்ப்பகுதியின் காட் மீன்பிடிப்பையே மூடினார்கள். 'மேல்நிலை வேட்டையுயிர்' என்று போடுங்கள். பறவை, திமிங்கிலம், காட் மூன்றும் அதில் அடங்கும்.