பெயிண்ட் இல்லாத அலுமினிய ரிம்: பாலிஷ் போட்டாலும் ஏன் மங்குகிறது?

பத்தாங்_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். 2007-இல் பேர் மாறிவிட்டது, ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். என் வீரா காடிக்கு (புரோட்டான் கார்) ரவாங்கில் ஒரு ஹாஃப்கட் கடையில் (பழைய ஜப்பான் கார்ப் பாகங்கள் விற்கிற கடை) 15 அங்குல பழைய ஜப்பான் ரிம் நாலு எடுத்தேன். பெயிண்ட் கிடையாது, வெறும் அலுமினியம். ஒரு காலத்தில் நன்றாக மின்னியிருக்கும் போல, இப்போது சாம்பல் பூத்து அங்கங்கே வெள்ளைப் புள்ளி. ஒரு ரிம்மில் மட்டும் மண்புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். ஆட்டோசால் என்கிற உலோக பாலிஷ் கிரீம் போட்டுத் தேய்த்தால் மூன்று ரிம்மில் துணி கறுத்துப் போகிறது, ஆனால் பளபளப்பு வரவில்லை. அந்தக் கோடு விழுந்த ரிம்மில் துணி கறுக்கவே இல்லை. அக்கா கல்யாணத்துக்கு இந்தக் காடியைத்தான் ஜோடிக்கப் போகிறோம் என்று அப்பா சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு மாமாவிடம் ரப்பர் பால் உறைய வைக்கிற அசிட் இருக்கிறது, தண்ணீரில் கலந்து ஊற்றினால் உடனே வெளுத்துவிடும் என்கிறார். ஊற்றலாமா? கையில் ஒரு டிரில் மட்டும்தான் இருக்கிறது.

சாகா_மச்சான்:
அசிட் எல்லாம் எதற்கு, ஆசாம் ஜாவா, அதான் புளி, கரைத்துத் தேய்த்துப் பார். எங்கள் பாட்டி குத்துவிளக்கை அப்படித்தான் மின்ன வைப்பார்.

கிள்ளான்_ரிம்காரர்:
மச்சான், குத்துவிளக்கு பித்தளை, இது அலுமினியம். புளி பித்தளையின் கறையைக் கரைக்கும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்யாது. அலுமினியம் அப்படி இல்லை. அதன் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும், சில நானோமீட்டர் கனம்தான், அதுதான் உலோகத்தைக் காப்பாற்றுகிறது. அந்தப் படலம் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 4-க்கும் 8.5-க்கும் நடுவில்தான் நிலையாக இருக்கும். அதற்குக் கீழே போனாலும் அரிக்கும், மேலே போனாலும் அரிக்கும். ரப்பர் பாலுக்கு ஊற்றுவது ஃபார்மிக் அசிட். ஊற்றினால் வெளுக்கும்தான், ஆனால் அந்த வெளுப்பு மேல்தோல் அரிபட்டதால் வருவது, பளபளப்பு இல்லை. அதன் ஆவியும் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. அடுப்புக் கறை நீக்குகிற ஸ்பிரேயும் வேண்டாம், அதில் பெரும்பாலும் காஸ்டிக் சோடா இருக்கும், ரிம் கருத்துவிடும்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன் தம்பி. துணி கறுப்பாவது நல்ல அறிகுறி, நீங்கள் நேராக உலோகத்தைத் தேய்க்கிறீர்கள் என்று அர்த்தம். கறுக்காத ரிம்மின் மேல் இன்னும் கிளியர் லேக்கர், அதாவது நிறமில்லாத பூச்சு, இருக்கிறது. அந்தப் புழுக்கோடும் அதனால்தான்: லேக்கரில் எங்கோ கீறல் விழுந்து, ஈரம் உள்ளே போய், அடியில் அரித்துக்கொண்டே நகர்ந்திருக்கிறது. அந்த ரிம்முக்கு முதலில் பெயிண்ட் ரிமூவர் போட்டு லேக்கரை முழுக்க எடுக்க வேண்டும், கையுறை கட்டாயம், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

மற்ற மூன்றிலும் பாலிஷ் வேலை செய்யாததற்குக் காரணம் பாலிஷ் இல்லை. அரித்த குழி ஆழமாக இருக்கும்போது கிரீம் அதன் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். டயரைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மணல்தாளை ஈரமாகவே தேயுங்கள். 400-ஆம் எண் தாளில் தொடங்கி (எண் கூடக் கூட தாள் மென்மையாகும்) 600, 800, 1000, 1500, 2000 என்று போகலாம், குழி ஆழமாக இருந்தால் 240-இலிருந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்தின கோடுகள் போய்விட்டனவா என்று தெரியும், போகாமல் அடுத்த தாளுக்குத் தாவாதீர்கள். 400-இன் கோடு ஒன்று தப்பினால் கடைசியில் வெயிலில் அது மட்டும்தான் தெரியும், முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். அதற்கப்புறம் டிரில்லில் பஞ்சுப் பந்து மாட்டி, மெதுவான வேகத்தில் உங்கள் ஆட்டோசால். காய்வதற்கு முன் துடைத்துவிடுங்கள். மூலையில் ஒட்டிக்கொள்ளும் கருப்பு மையை எடுக்கச் சோள மாவைத் தூவித் துடைத்தால் எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும்.

மூன்று இடத்தில் மட்டும் மணல்தாள் படக்கூடாது: நட்டு உட்காரும் குழி, ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பொருந்தும் பின்முகம், டயர் விளிம்பு அழுந்தும் பகுதி. உலர்வாகக் கிரைண்டர் போடாதீர்கள். அலுமினியத் தூள் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் இரும்பு அறுக்கும் பொறி பறந்தால் ஆபத்து.

பத்தாங்_பையன்:
அண்ணே, ரொம்ப நன்றி. பாலிஷ் முடிந்ததும் கிளியர் ஸ்பிரே அடித்து மூடிவிட்டால் பிறகு தொட வேண்டாம் இல்லையா?

கிள்ளான்_ரிம்காரர்:
எல்லாரும் கேட்பது இதைத்தான், நான் வேண்டாம் என்பேன். கண்ணாடி மாதிரி தேய்த்த அலுமினியத்தில் ஸ்பிரே சரியாகப் பிடிக்காது. கல் பட்டு ஓரிடத்தில் உரிந்தால் அங்கிருந்து திரும்பப் புழுக்கோடுதான், அப்புறம் மறுபடியும் ரிமூவர். பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) பிடித்து நிற்கும், ஆனால் கடையில் எத்தனை பாகையில் சுடுகிறார்கள் என்று கேளுங்கள். வார்த்த ரிம்கள் பெரும்பாலும் ஏ356 என்கிற அலுமினியக் கலவை, சுமார் 155 பாகை செல்சியஸில் வைத்துத்தான் வலுவேற்றியிருப்பார்கள். 200 பாகையில் நெடுநேரம் சுட்டால் அந்த வலு குறையும். இன்னொன்று, ஏ356-இல் 7 விழுக்காடு அளவுக்கு சிலிக்கான் இருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் லேசான சாம்பல் நிறம் இருக்கும். குரோம் மாதிரி வரவில்லையே என்று மனம் உடையாதீர்கள்.

உரலோரி:
நான் தோட்டத்துக்கு உரம் ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். ரிம்காரர் சொன்னது சரி, ஆனால் நம் ஊர் ரோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) போடுகிற எம்ஓபி உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பு ஜாதி. மூட்டை கிழிந்து ரோட்டில் கொட்டியிருக்கும், மழை பெய்ததும் கரைந்து செம்மண்ணோடு சேர்ந்து ரிம்மில் ஒட்டும். பிரேக் தூளில் இரும்பு வேறு. இரும்பும் உப்பும் ஈரமும் ஒரே இடத்தில் தங்கினால் அலுமினியத்தில் குழி விழாமல் என்ன செய்யும்? உன் வெள்ளைப் புள்ளிகூட இப்படி வந்ததாக இருக்கலாம். தோட்டத்து ரோட்டுக்குப் போய் வந்தால் அன்றைக்கே வெறும் தண்ணீர் பீய்ச்சிவிடு, சோப்புகூட வேண்டாம். ஆனால் ரிம் சூடாக இருக்கும்போது ஊற்றாதே.

மேலே கர்னாபா மெழுகு பூசச் சொல்வார்கள். அது 80 பாகைக்குச் சற்று மேலே உருகிவிடும், முன்சக்கரத்தில் பிரேக் சூட்டுக்கு நிற்காது. மெழுகுக்குப் பதிலாகப் பூசுகிற செயற்கை சீலண்ட் வாங்கு, கொஞ்சம் விலை கூட, ஆனால் தாங்கும். இன்னொரு விஷயம், லோரியில் வருகிற அல்கோவா கம்பெனி ரிம் அப்படி மின்னுவது வார்ப்பு இல்லை, அழுத்தி அடித்துச் செய்ததால். 1948-லிருந்தே அவர்கள் அப்படிச் செய்கிறார்கள். அதை உன் ரிம்மோடு ஒப்பிடாதே.

சாகா_மச்சான்:
சரி சரி, புளியை ரசத்துக்கே வைத்துக்கொள்கிறேன். தம்பி, கல்யாணம் எப்போது?

பத்தாங்_பையன்:
அடுத்த மாதம் மச்சான், மண்டபம் கோலசிலாங்கூரில். புழுக்கோடு ரிம்முக்கு ரிமூவர் வாங்கியாயிற்று, சனிக்கிழமை அதில்தான் தொடங்குகிறேன். உரலோரி அண்ணே, அந்த சீலண்டைத் துடைத்த உடனே பூசலாமா, இல்லை ஒரு நாள் விட வேண்டுமா?

உரலோரி:
விடாதே. சோள மாவு போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போனதும் அன்றைக்கே பூசு, டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு இரண்டாவது தடவை. அதற்கப்புறம் டயரை ஏற்று. டயர் ஏற்றுகிற கடைக்காரனிடம் இரும்பு லிவரை ரிம் விளிம்பில் வைக்க வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்.